பாட்டியின் வடையும் அபூ உமைரின் குருவியும்

சிறுவர் இலக்கியம் பற்றிப் பேச்சு வந்தால் நம் மத்தியில் தவறாமல் ஒலிக்கும் வாசகம் ஒன்று உண்டு: "பிள்ளைகளுக்கு நல்ல கருத்துகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்." நூல் வெளியீட்டு விழாவில் பிரதம அதிதி இதைச் சொல்வார். ஏற்புரையில் நூலாசிரியர் இதையே சொல்வார். அணிந்துரையிலும் இது இருக்கும். முற்போக்கு முகாமைச் சேர்ந்தவர் எழுதினாலும் மார்க்கப் பற்றாளர் எழுதினாலும் பாலர் கதைகளின் கடைசி வரி ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்துவிடுவதற்கு இந்த வாசகம்தான் காரணம் என நினைக்கிறேன். கருத்துச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட ஒரு பிள்ளை, இன்னொரு பிள்ளைக்கு நோகிறது என்பதை உணர்ந்துகொள்ள இந்தக் கருத்துகள் எவ்வளவு தூரம் உதவுகின்றன என்பதே என் கேள்வி. உதவுவதை விடத் தடுப்பதே அதிகம் என்பது என் அபிப்பிராயம். அதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். பாட்டி வடை சுட்டாள். காகம் ஒன்றைத் தூக்கிச் சென்றது. நரி வந்து காகத்தின் குரலைப் புகழ்ந்தது. காகம் பாட வாய் திறந்தது, வடை விழுந்தது, நரி கொண்டு ஓடிற்று. முகஸ்துதிக்கு மயங்காதே என்பது நீதி. நம் முன்பள்ளிகளில் இக்கதை சொல்லப்படாத இடம் இருக்கும் என நான் நம்பவில்லை. ஒரு முன்பள்ளியில் இக்கதை சொல்லப்பட்டபோது நானும் பின்னால் ஒரு சிறிய கதிரையில் முழங்கால் தாடையில் இடிக்க அமர்ந்திருந்தேன். கதை முடிந்ததும் நான்கு வயது மதிக்கத்தக்க ஒருவன் கேட்டான்: "டீச்சர், அந்தப் பாட்டி பொறகு என்ன செஞ்ச?" ஆசிரியை நல்லவர், பிள்ளைகளில் அன்பானவர். அவர் சொன்ன பதில்: "அது கதையில இல்ல மகன்."

அந்தப் பதிலில் பிழை எதுவும் இல்லை. உண்மையிலேயே அது கதையில் இல்லைதான். அடுப்படியில் குந்தியிருந்து எண்ணெய்ச் சூட்டில் வடை சுட்டு விற்றுப் பிழைக்கும் ஒரு வயோதிப மாது, பொருள் பறிபோன அந்தக் கணத்திலேயே கதையிலிருந்து கழற்றி விடப்படுகிறாள். அதன் பின்னர் திருடிய காகம் ஏமாந்ததற்காக நாம் பாடம் படிக்கிறோம். ஏமாற்றிய நரியின் சாமர்த்தியத்தில் இரகசியமாக மகிழ்கிறோம். அந்தச் சிறுவன் மட்டும் பாட்டியோடு நின்றுவிட்டான். அவனிடம் இருந்தது என்னவோ அதைத்தான் கல்வியியலாளர்கள் இன்று பாடவிதானத்தில் சேர்க்க வேண்டும் என்று பேசுகிறார்கள். கதை அதை அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அவன்தான் கதைக்கு அதைக் கொண்டுவந்தான். நீதி வந்து கதவைச் சாத்தியது.

"எம்பதி" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒத்துணர்வு என்று எழுதுகிறோம். அனுதாபம் வேறு; அது கரையில் நின்று பார்ப்பவனுக்கும் வரும். ஒத்துணர்வு மற்றவனின் இடத்தில் போய் நின்று பார்ப்பது. இந்தச் சொல்லின் பூர்வீகம் இலக்கியக்காரராகிய நமக்குச் சுவாரஸ்யமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜேர்மனிய அழகியலாளர்கள், ஓவியத்தையோ சிற்பத்தையோ பார்ப்பவன் தன் உணர்வோடு அதற்குள் புகுந்துகொள்வதைக் குறிக்க "ஐன்ஃபூலுங்" என்றொரு சொல்லைக் கையாண்டார்கள். உளவியலாளர் எட்வர்ட் டிச்சனர் 1909இல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஆக, இது கலை விமர்சனத்திலிருந்து உளவியலுக்குப் போன சொல். முன்பள்ளிக் கல்வி பற்றி விமர்சகனுக்கு என்ன பேச்சு என்று கேட்பவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்வேன்.

குழந்தைகளிடம் இவ்வுணர்வு இல்லை, நாம்தான் ஊட்டுகிறோம் என்பது பெரியவர்களின் கற்பனை. அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் ஹொஃப்மன் தரும் ஓர் உதாரணம் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. ஒன்றரை வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தை, தன் தோழன் அழுவதைக் காண்கிறது. உடனே போய்த் தன் தாயைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறது, அழுகிற பிள்ளையின் தாய் அங்கேயே இருக்கும்போது! சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் குழந்தை தன்னிடமுள்ள ஆகச் சிறந்த மருந்தை அல்லவா கொண்டுவந்திருக்கிறது? அதற்கு ஒன்று மட்டும் இன்னும் தெரியவில்லை. எனக்கு ஆறுதல் தருவது என் உம்மா. அவனுக்கு ஆறுதல் தருவது அவனுடைய உம்மா. இந்தச் சிறிய வித்தியாசத்தைக் கற்பதே முன்பள்ளிப் பருவத்தின் பெரும் வேலை. பெரியவர்களில் பலர் அதை இன்னும் கற்று முடிக்கவில்லை என்பது வேறு கதை.

நம் மார்க்கத்தில் நற்பண்புகளைப் போதிக்கும்படி சொல்லப்பட்டிருக்கிறதே, அதை விட்டுவிடச் சொல்கிறீர்களா என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நான் ஒரு ஹதீஸை நினைவூட்ட விரும்புகிறேன். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அனஸ் (ரழி) அவர்களுக்குத் தாய்வழியில் ஒரு சின்னத் தம்பி. பால்குடி மறந்த வயது. அபூ உமைர் என்று அழைக்கப்பட்டான். அவனிடம் விளையாடுவதற்கு நுகைர் எனப்படும் ஒரு சின்னக் குருவி இருந்தது. அது செத்துப்போயிற்று. உம்மு சுலைம் (ரழி) அவர்களின் வீட்டுக்கு வருகிற நபிகள் (ஸல்) அவர்கள் பிள்ளையின் முகவாட்டத்தைக் காண்கிறார்கள். காரணத்தை அறிந்துகொண்டு, அபூ உமைரே, உன் நுகைருக்கு என்னாயிற்று என்று அவனிடமே விசாரிக்கிறார்கள். அவ்வளவுதான்.

இந்த ஒரு வரி விசாரிப்பிலிருந்து ஷாஃபிஈ அறிஞரான இப்னுல் காஸ் அறுபது பயன்களை வகுத்துத் தனி நூலே எழுதினார். பிள்ளை குருவி வைத்து விளையாடலாம், பிள்ளைக்கும் பட்டப்பெயர் சூட்டலாம், வேடிக்கையாகப் பேசலாம் என்றெல்லாம் அது விரிகிறது. நான் ஆலிம் அல்லன். சட்டம் பேச எனக்குத் தகுதி இல்லை. இலக்கிய வாசகன் என்ற வகையில் என் கண்ணில் படுபவை மூன்று. ஒன்று, உமைர் – நுகைர் என்ற ஓசை. துக்கத்தில் இருக்கும் பிள்ளையோடு எதுகை சேரப் பேசப்படுகிறது. பாலர் பாட்டின் உயிர் இதுதானே. இரண்டு, பெரிய மனிதர்களுக்குரிய "அபூ" என்ற மரியாதை விளி அந்தப் பொடியனுக்குக் கொடுக்கப்படுகிறது. மூன்றாவதுதான் முக்கியமானது. இந்த அறிவிப்பில் போதனை இல்லை. எல்லா உயிரும் மௌத்தாகும் என்றோ, பொறுமையாயிரு, வேறு குருவி வாங்கலாம் என்றோ எதுவும் இல்லை. ஒரு சமூகத்தையே வழிநடத்துகிற, எத்தனையோ பாரங்களைச் சுமக்கிற ஒருவர், ஒரு குருவியின் மரணத்தை விசாரிக்கத்தக்க செய்தியாக எடுத்துக்கொள்கிறார். குருவி அவனுக்கு எவ்வளவு பெரியது என்பது அளக்கப்பட்டிருக்கிறது, அவனுடைய அளவுகோலால்.

நம் அஹதியா நூல்களில் இச்சம்பவம் வரும்போது கீழே "நாம் கற்கும் பாடம்: பிராணிகளில் அன்பு காட்ட வேண்டும்" என்று போட்டுவிடுகிறோம். அபூ உமைர் காணாமல் போய்விடுகிறான், பாட்டியைப் போல.

போதனையின்றி ஒரு நூல் முழுவதும் இதைச் செய்து காட்ட முடியுமா என்று கேட்டால் நான் காட்டுவது யப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயனாகியின் "டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி" நூலை. 1981இல் வெளிவந்தது, தமிழிலும் உண்டு, ஆசிரியர்களாக இருக்கும் நம் எழுத்தாளர் பலரின் வீடுகளில் அதைக் கண்டிருக்கிறேன். முதலாம் வகுப்பிலேயே பாடசாலையிலிருந்து விலக்கப்பட்ட ஒரு சிறுமி, பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாகக் கொண்ட தொமோயே என்ற சிறு பாடசாலையில் சேர்கிறாள். அதிபர் கோபயாஷி முதல் நாளில் நான்கு மணி நேரம் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த நூலை எல்லோரும் சுதந்திரக் கல்விக்கான வேதம் போலப் பாராட்டுவார்கள். எனக்கு அதன் பெறுமதி வேறோர் இடத்தில் இருக்கிறது.

யாசுவாகி என்ற சிறுவன் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவன். தொமோயேயில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏறி விளையாட ஒரு மரம் சொந்தம். யாசுவாகியால் ஏற முடியாது. ஆகவே அவனுக்கு மரம் இல்லை. டோட்டோ-சான் அவனைத் தன் மரத்துக்கு அழைக்கிறாள். ஏணி கொண்டுவந்து சாத்துகிறாள், அவனால் முடியவில்லை. இன்னொரு வகை ஏணியை இழுத்து வருகிறாள். வெயிலில் வியர்த்து, கீழிருந்து தள்ளி, மேலிருந்து இழுத்து, கடைசியில் இருவரும் கிளையில் அமர்கிறார்கள். பெரியவர் எவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். இதற்காக அவள் வீட்டில் சொன்னது பொய். யாசுவாகியின் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சப்பாத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

நம் நீதிக் கதையில் இந்தக் காட்சிக்கு இடமே கிடையாது. பொய் சொன்ன பிள்ளைக்குத் தண்டனை கிடைத்தாக வேண்டும். இல்லையேல் அணிந்துரை எழுதுபவர் ஒத்துக்கொள்ள மாட்டார். குரோயனாகி பொய்யை நியாயப்படுத்தவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. அந்தச் சப்பாத்துக் கயிற்றை மட்டும் காட்டிவிட்டுப் போகிறார். பிள்ளையின் மனச்சாட்சியும் பிள்ளையின் பரிவும் ஒரே சமயத்தில் உயிரோடு இருக்கின்றன. இரண்டில் ஒன்றை வெட்டி எடுத்தால்தான் "கருத்து" கிடைக்கும்.

தகஹாஷி என்ற இன்னொரு சிறுவன். கைகால்கள் குட்டையானவை, அவன் வளர மாட்டான். அதிபர் விளையாட்டுப் போட்டியை எப்படி அமைக்கிறார் என்பதைப் பாருங்கள். துணிக் குழாய்க்குள் நுழைந்து வெளிவரும் போட்டி, படிகளில் ஏறி இறங்கும் போட்டி என்று நெட்டைக் கால்களுக்கு வசதியில்லாத போட்டிகளாகவே இருக்கின்றன. தகஹாஷி எல்லாவற்றிலும் முதலாவதாக வருகிறான். பரிசு மரக்கறி! வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லோருமாகச் சமைத்துச் சாப்பிடும்படி. உடல் குறைபாடுள்ளவர்களை நாம் எப்படி நடத்த வேண்டும் என்று அதிபர் ஓர் உரையும் நிகழ்த்தவில்லை. படிக்கட்டைத் தெரிவு செய்தார், அவ்வளவுதான். பிறகொரு நாள் வகுப்பாசிரியை ஒருவர் தகஹாஷியின் உடலைப் பற்றி யோசிக்காமல் விளையாட்டாக ஒரு வார்த்தை சொல்லிவிட, அதிபர் அவரைக் கடிந்துகொள்கிறார். அதையும் மற்ற ஆசிரியர்கள் இருக்கும் அறையில் செய்யாமல் சமையலறையில் வைத்துச் செய்கிறார். கண்டிக்கப்படுபவரின் மானமும் அவர் கணக்கில் இருக்கிறது.

(பிள்ளைகளை உடையின்றி நீந்தவிட்ட அத்தியாயம் நம் வாசகர் பலருக்கு இடறும். எனக்கும் அந்த வழியில் உடன்பாடு இல்லை. ஆனால் எந்தப் பிள்ளையும் தன் உடலைப் பற்றி வெட்கப்படக்கூடாது என்ற நோக்கம் புரிகிறது. நமக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும்.)

கோபயாஷி செய்ததை வேறொரு நாட்டில், வேறொரு விதத்தில் செய்தவர் விவியன் கஸின் பேலி. சிக்காகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்த பாடசாலையில் பல்லாண்டுகள் பாலர் வகுப்பு ஆசிரியை, 2019இல் காலமானார். நீ விளையாட வரக்கூடாது என்று சொல்லக்கூடாது என்று பொருள்படும் தலைப்பில் 1992இல் ஒரு நூல் எழுதினார். ஐந்து வயது வகுப்பிலேயே சில பிள்ளைகள் "முதலாளிகள்" ஆகிவிடுகிறார்கள். யாரைச் சேர்ப்பது, யாரை ஒதுக்குவது என்று அவர்களே தீர்மானிக்கிறார்கள். ஒதுக்கப்படும் பிள்ளை வருடக்கணக்காக ஒதுக்கப்படுகிறது. பேலி தலைப்பிலுள்ள அந்த ஒரே வாக்கியத்தைச் சட்டமாகக் கொண்டுவரப் போவதாக அறிவிக்கிறார். உடனே நடைமுறைப்படுத்தவில்லை. பிள்ளைகளோடு விவாதிக்கிறார், மேல் வகுப்புகளுக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளின் அபிப்பிராயத்தையும் கேட்கிறார். பெரிய வகுப்புப் பிள்ளைகள் இது நியாயம்தான், ஆனால் எங்களுக்குக் காலம் கடந்துவிட்டது, சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்ற தோரணையில் பதில் சொல்கிறார்கள். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள்! அந்த நூலில் என்னை அதிகம் துன்புறுத்திய பகுதி அதுதான்.

பேலியின் சட்டத்தில் அன்பாக இரு என்ற சொல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உணர்ச்சியைக் கட்டளையிட முடியாது என்பது அவருக்குத் தெரியும். கதவைத் திறந்து வை என்பதை மட்டும் கட்டளையிடலாம். சேர்ந்து விளையாடிய பிறகு மற்றவனைப் பற்றித் தெரியவரும். தெரியவந்த பிறகு நோவும் தெரியும். கூடவே, தனித்துப்போன பிள்ளைகளைத் தேடிச் செல்லும் மக்பை என்றொரு பறவையின் கதையை அவர் தானே புனைந்து நாள்தோறும் சொல்லிவருகிறார். சட்டத்தை விளக்குவதற்காகச் சொல்லப்படும் கதை அன்று அது. ஒதுக்கப்பட்ட பிள்ளை தான் தங்கியிருக்க ஓர் இடமாக அக்கதைக்குள் போய் இருந்துகொள்கிறது.

பேலியின் நூலில் எனக்கொரு போதாமை உண்டு. சட்டம் அந்த அறைக்குள் இருப்பவர்களுக்குத்தான். அறைக்கே வராத பிள்ளையை யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. அவன் ஏற்கெனவே ஒதுங்கித்தான் இருக்கிறான். நம் நாட்டு நிலைமை அதுவே. பாடசாலைகள் சிங்கள மொழி மூலம், தமிழ் மொழி மூலம் என்றும், தமிழ் மொழிக்குள் முஸ்லிம் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை என்றும் பிரிந்திருக்கின்றன. முன்பள்ளிகள் இன்னும் சிறிய வட்டங்கள். பள்ளிவாசலை அண்டியும் கோயிலை, விகாரையை, தேவாலயத்தை அண்டியும் நடப்பவை பல. கலப்பு முன்பள்ளிகள் இல்லாமலில்லை. ஆனாலும் நம் பிள்ளைகளில் பெரும் பகுதியினர் வேற்றுச் சமூகத்துப் பிள்ளை ஒருவன் பென்சில் தொலைத்து அழுவதைக் காணாமலே வளர்ந்துவிடுகிறார்கள். மொழி ஒன்றாக இருந்தும் தமிழ்ப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் இடையில் ஒரு தெருவே எல்லையாக இருக்கும் ஊர்கள் கிழக்கில் எத்தனை! 1990இன் பிறகு அந்தத் தெரு இன்னும் அகன்றது.

இப்படியான இடத்தில்தான் கதையின் பொறுப்பு கூடுகிறது. அறைக்கு வர முடியாத பிள்ளை கதைக்குள்ளாவது வரலாம் அல்லவா?

டோட்டோ-சானில் இதற்கொரு காட்சி இருக்கிறது. அதுவே நூலின் ஆகக் கனதியான பக்கம் என்பேன். மசாவோ என்ற கொரியச் சிறுவன் அவள் வீட்டுக்குப் போகும் வழியில் வசிக்கிறான். அக்கால யப்பானில் கொரியர்கள் இழிவாக நடத்தப்பட்டவர்கள். ஒருநாள் அவன் அவளைப் பார்த்து, வெறுப்பு வழிய, "கொரியன்!" என்று கத்துகிறான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டில் போய்ச் சொல்கிறாள். அம்மாவின் கண்கள் கலங்குகின்றன. எல்லோரும் அவனைப் பார்த்து அப்படிக் கத்தியிருக்கிறார்கள். அது தன் இனத்தின் பெயர் என்று தெரியாமல் ஏதோ ஒரு கெட்ட வார்த்தை என்று அவன் நினைத்துவிட்டான் என்பதை அந்தத் தாய் மகளுக்கு விளக்குகிறாள். எறியப்பட்ட சொல்லைப் பிடித்து, அதை எறிந்த கையில் இருக்கும் காயத்தைக் காட்டுகிறாள். சிறுமிக்கு வயது ஆறோ ஏழோதான்.

இதிலே விமர்சகன் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. மசாவோ தொமோயேயின் மாணவன் அல்லன். எல்லா விதமான பிள்ளைகளுக்கும் இடம் வைத்திருந்த அந்தப் பாடசாலையின் கதையில், அவன் தெருவில்தான் நிற்கிறான். நூலாசிரியர் இதைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஆனால் மறைக்கவும் இல்லை. 1945இல் குண்டுவீச்சில் தொமோயே எரிந்துபோகிறது. மசாவோ என்ன ஆனான் என்று நான் யோசிப்பதுண்டு.

நம் தெருக்களிலும் இத்தகைய சொற்கள் உண்டு. "தம்பியா" என்ற சொல்லை, "சோனி" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2014 அளுத்கமையின்போதும் 2019 ஏப்ரலுக்குப் பின்னரும் நம் பிள்ளைகள் அவற்றை இன்னும் கூர்மையாகக் கேட்டார்கள். அதைப் பற்றி நம் கவிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், எழுத வேண்டியதும்தான். அதேவேளை "காபிர்" என்ற சொல்லை மார்க்க நூலின் பக்கத்திலிருந்து இறக்கி, பக்கத்துத் தெருப் பிள்ளையின் மீது எறிகிற பழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அச்சொல்லின் பொருள் தெரியாது. குரலின் வெறுப்பு மட்டும் தெரியும். மசாவோவைப் போல. இதைப் பற்றி ஒரு பாலர் கதையையேனும் நான் இன்றுவரை படிக்கவில்லை.

அதற்குப் பதிலாக நம்மிடம் இருப்பது "ஒற்றுமைக் கதை". வாசகர்கள் இதை நன்கறிவர். பெருநாள் வருகிறது. நம் கதாநாயகனின் வீட்டில் வட்டிலப்பம் செய்கிறார்கள். சிங்கள நண்பன் ஒருவனும் தமிழ் நண்பன் ஒருவனும் விருந்துக்கு வருகிறார்கள். சித்திரையில் பாற்சோறு வரும், தையில் பொங்கல் வரும் என்று சொல்கிறார்கள். மூவரும் தோளில் கைபோட்டு நிற்கும் படத்தோடு கதை முடிகிறது. நாம் அனைவரும் ஒரு தாய் மக்கள். இக்கதையைச் சிங்களத்திலும் தமிழிலும் அவரவர் பெருநாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே குற்றம் நம் ஒருவருடையது அன்று. குற்றம் என்னவெனில், விருந்துக்கு வந்த அந்த இருவருக்கும் முகமே இல்லை. அவர்களுக்குப் பசி இல்லை, பயம் இல்லை, தொலைந்த பொருள் இல்லை, வீட்டில் சண்டை இல்லை. அவர்கள் பலகாரம் சுமந்து வந்த பிரதிநிதிகள். அவர்களில் ஒருவனுக்கு வட்டிலப்பம் பிடிக்காமல் போனால்கூடப் போதும், கதை உயிர்பெற்றுவிடும். ஒருமுறை வாயில் வைத்துவிட்டுத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவன் விழிக்கட்டும். நம் பையன் அதைக் கண்டுவிட்டு உம்மா பார்க்காத நேரத்தில் அந்தக் கோப்பையைத் தான் வாங்கித் தின்று முடிக்கட்டும். ஒத்துணர்வு என்பதற்கு ஒரு நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல விளக்கம் கொடுக்க முடியுமா?

இதற்கு நேர்மாறான உதாரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு. அதைப் பாடசாலையில் பாடித் திரிந்த முஸ்லிம் பிள்ளைகளில் நானும் ஒருவன். எங்கள் வீட்டில் ஆடிக்கூழ் காய்ச்சியது கிடையாது. ஆனால் நாளைக்கு விடுமுறை என்ற அந்தக் குதூகலம், பயறு வறுத்துக் குற்றுவது, பனங்கட்டியின் வாசனை, ஓடிப்போய்ப் பலா இலை பொறுக்கி மடித்துக் கோலிக்கொண்டு நிற்பது, தாய் அகப்பையால் அள்ளி வார்ப்பது எல்லாம் என் நாவிலும் கையிலும் அனுபவம் போலவே தங்கிவிட்டன. புலவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குத்தான் பாடினார். முஸ்லிம் பிள்ளைக்குத் தமிழர் பண்பாட்டை அறிமுகம் செய்யும் எண்ணம் அவருக்கு இருந்திருக்க நியாயமில்லை. ஒற்றுமை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இருந்தும் ஓர் இந்துத் தாயின் முற்றத்தில், பலா இலையை நீட்டிக்கொண்டு, தோழர்களோடு என்னையும் நிறுத்திவைத்தது அந்தப் பாட்டு. பின்னாளில் எவ்வளவோ கசப்பான செய்திகளைக் கேட்ட போதும் அந்த முற்றம் என் மனத்திலிருந்து அழியவில்லை.

இப்போது மறுபக்கத்தைக் கேட்கிறேன். ஒரு தமிழ்ப் பிள்ளையை, சிங்களத்தில் மொழிபெயர்த்தால் ஒரு சிங்களப் பிள்ளையை, நம் முற்றத்தில் அப்படி நிறுத்திவைக்கும் பாட்டு நம்மிடம் எது? நம் கவிஞர்களும் சிறுவர்களுக்குப் பாடாமலில்லை. ஆனால் நான் படித்த அளவில் பெரும்பாலானவை அதிகாலை எழு, உண்மை பேசு, பெற்றோரைப் பேணு, ஐவேளை தொழு என்ற வரிசையில் நிற்பவை. நல்லவைதான்; யார் மறுப்பார்? ஆயினும், அஸர் தொழுகை முடிந்ததும் சட்டியும் வாளியுமாகப் பள்ளிவாசல் வாசலில் பிள்ளைகள் முண்டியடிக்கும் நோன்புக் கஞ்சி எங்கே? ரம்பை இலை வாசனையும், சூடு தாங்காமல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு வாளியை மாற்றிக்கொண்டு, சிந்தாமல் வீடு வந்து சேரும் அந்த நடையும் எங்கே? பெருநாளுக்கு முந்திய இரவு மருதோன்றி அப்பிய உள்ளங்கையை விரிக்காமல், மூக்கு அரித்தாலும் சொறிய முடியாமல் தூங்கும் பிள்ளை எங்கே? பிறை கண்டாச்சா இல்லையா என்று வானொலியைச் சுற்றிக் குந்தியிருந்த அந்தத் தவிப்பு எங்கே? நம் சிறுகதைகளில் இவை உண்டு. பெரியவர்களுக்கான நினைவோடைகளில் ஏராளமாக உண்டு. பாலர் பாட்டில்தான் இல்லை. நம்மைப் பிறர் புரிந்துகொள்ளவில்லை என்று கருத்தரங்குகளில் நாம் வருந்துகிறோம். புரிந்துகொள்வதற்கு ஒரு ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் நாம் எதைக் கொடுத்தோம்?

பாலர் நூல்களின் படங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. டோட்டோ-சானின் யப்பானியப் பதிப்பில் இருப்பவை ஓவியர் இவசாகி சிஹிரோ வரைந்த பிள்ளைகள். அவர் 1974இலேயே காலமாகிவிட்டார். நூலுக்காக வரையப்படாத அந்த ஓவியங்களிலிருந்து குரோயனாகி தேர்ந்தெடுத்துச் சேர்த்தார். நீர் வர்ணத்தில் பாதி கரைந்த முகங்கள். சந்தோஷமா கவலையா என்று நிச்சயிக்க முடியாதவை. பார்க்கிற பிள்ளை அதைத் தானே ஊகிக்க வேண்டும். நம் பாலர் நூல்களில் தொப்பி அணிந்த பையனும் முந்தானை போட்ட சிறுமியும் எல்லாப் பக்கத்திலும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

எழுதுகிறவர்களிடம், குறிப்பாக முன்பள்ளிகளில் படிப்பித்துக்கொண்டே எழுதுகிற நம் பெண் எழுத்தாளர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் இருக்கிறது. ஒற்றுமைக் கதையைச் சில காலத்துக்கு நிறுத்தி வையுங்கள். வேற்றுச் சமூகத்துப் பிள்ளையை நம் கதைக்குள் கொண்டு வாருங்கள், ஆனால் பெருநாளன்று அழைக்காதீர்கள். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை வரட்டும். அவன் பெயர் ரவியாகவோ சமனாகவோ இருக்கட்டும். அவனது பந்து கிணற்றில் விழட்டும், அல்லது அவனுடைய பூனை இரண்டு நாளாகக் காணாமல் போயிருக்கட்டும். நம் பையன் மதில்மேல் ஏறி நின்று, பூனைக்கு என்னாச்சு என்று கேட்கட்டும். பூனை கிடைத்ததா இல்லையா என்பதை எழுதாமலே விட்டுவிடலாம். அதைக் கதை கேட்கிற பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள்.